மெல்லத் தேயும்

லீமா லென்டா லூக்கெட்.
மூன்றே சொல்.
பழுப்பேறிய தாளின் இடது ஓரத்தில்
மாணவன் ஒருவன், பெயரில்லை,
முந்நூறு குளிர்காலங்களுக்கு முன்
இறகை மையில் தோய்த்து எழுதியது.

பட்டியலில் ஏற்ற வேண்டும்.
மொழிபெயர்ப்புக் கட்டத்துக்குள்
நாற்பது எழுத்துக்கு மேல் நுழையாது.
வெள்ளிக்கிழமைக்குள், என்றாள் கைரித்.
நூலக ஜன்னலுக்கு வெளியே
தார்த்து நகரின் ஆறு
பனியைப் பாளம் பாளமாக உடைத்து
அவசரமில்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தது.

லீமா: அரம். இதில் தகராறில்லை.
இரும்பையும் தேய்க்கும், கவிதையையும் தேய்க்கும்.
லென்டா: இங்கேதான் சிக்கல்.
மெதுவான என்கிறது அகராதி.
அடுத்த வரியிலேயே, வளைந்துகொடுக்கிற.
அதற்கும் கீழே, பிசின்போல் விடாப்பிடியான.
அப்புறம், பதற்றமில்லாத.
கடைசியில் பொடி எழுத்தில், சோம்பலான.
ஒரே சொல்லுக்குள் ஐந்து பேர் குடியிருக்கிறார்கள்;
ஒருவரைத் தேடிக் கதவைத் தட்டினால்
ஐந்து தலையும் எட்டிப்பார்க்கிறது.
லூக்கெட்: ஒளிர்கிறது.
அல்லது, எழுவாய் எதுவுமின்றி,
விடிகிறது.

திங்கள்: மெதுவான அரம் ஒளிரும்.
செவ்வாய்: நிதானத்தின் அரமே ஒளி தரும்.
(மாலையில் படித்தபோது
வங்கிச் சுவரொட்டிபோல இருந்தது. அடித்தேன்.)
புதன்: அரமே, மெல்ல. விடிகிறது.
இது பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகம்.
தவிர, அந்த மூன்று லகரங்களை எங்கே வைப்பது?
ஒவ்வொரு சொல்லின் வாசலிலும்
நாக்கு நுனி ஒரு முறை அண்ணத்தைத் தொட்டு இறங்குகிறதே.

உர்மாஸ் பல் கட்டுகிறவன்.
வேலை மிஞ்சினால் வீட்டுக்குக் கொண்டுவருவான்.
சமையல் மேசையில், உருளைக்கிழங்குத் தோலுக்குப் பக்கத்தில்
பீங்கானில் ஒரு கடைவாய்ப் பல்.
அரத்தால் இழைத்தான், ஊதினான், விளக்கில் பிடித்தான்,
மறுபடி இழைத்தான்.
அவனிடம் கேட்டேன், ஒளிரும் அரம் எப்படி இருக்கும் என்று.
நிமிராமலே சொன்னான்:
நல்ல அரம் மின்னாது.
மின்னினால் அதன் பல் போய்விட்டது,
குப்பையில் போடு.

வியாழன் காலை தாளை மறுபடி விரித்தேன்.
ஓரத்தை விட்டு நடுவைப் பார்த்தேன், முதல்முறையாக.
யாரோ தோழனின் கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா.
ஒரு வரியை மட்டும் ஏழு முறை அடித்திருக்கிறான்.
மணப்பெண்ணைப் பனி என்கிறான். அடிக்கிறான்.
மெழுகுவர்த்தி என்கிறான். அடிக்கிறான்.
அன்னம். ஏப்ரல். ஆப்பிள் பூ.
ஓரிடத்தில் பாவம், கப்பல் என்கிறான்;
தாள் கிழியும்படி அடித்திருக்கிறான்.
ஏழாவது எதுவென்று மைக்கறை சொல்லவில்லை.
எட்டாவது வரியின் மேல் உருப்பெருக்கியை வைத்தேன்.
பனி.
முதலில் எழுதிய அதே வரி,
ஒரு காற்புள்ளி மட்டும் இடம் மாறி.

அப்படியானால் அந்த மூன்று சொல்
பெருமையா, அலுப்பா?
அரம்தான் வழவழப்பானது, வரி அப்படியே இருக்கிறது என்று
தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டானா?
இல்லை, அந்தக் காற்புள்ளிக்காக
இரவு முழுக்க விழித்திருந்து
ஜன்னல் வெளுத்ததும் எழுதிவைத்தானா,
விடிந்துவிட்டது என்று,
வேறெந்த அர்த்தமும் இல்லாமல்?

வெள்ளி. கட்டத்தில் இட்டேன்:
மெல்லத் தேய்க்கும் அரம் மின்னும்.
பத்து நிமிடம் கழித்து இரண்டெழுத்தை எடுத்தேன்.
மெல்லத் தேயும் அரம் மின்னும்.
கைரித் எழுத்துகளை எண்ணினாள். சரி என்றாள்.
படிக்கட்டில் இறங்கும்போதே
'மின்னும்' உறுத்தத் தொடங்கியது.

வீட்டில் உர்மாஸ் அந்தப் பல்லைப்
பஞ்சில் சுற்றிக்கொண்டிருந்தான்.
லெய்டா என்று ஒரு பெண்ணுக்காம்,
பேருந்து ஓட்டுகிறவள், திங்கள் காலை வருவாள்.
வாயின் கடைக்கோடியில் இருக்கப்போவது,
இதை யார் பார்க்கப்போகிறார்கள், என்றேன்.
யாரும் பார்க்கமாட்டார்கள் என்றான்.
நாக்கு போய்ப் பார்க்கும்.